அக்கா பேரில் நான் காட்டிய வாய்

எங்கள் எஸ்டேட்டில் ஒருத்திக்காக இன்னொருத்தி பேர் கொடுப்பது குற்றமே இல்லை. காலையில் பெரட்டு எடுக்கும்போது, அதாவது வேலைக்கு வந்தவர்களை நிறுத்திவைத்துப் பேர் வாசிக்கும்போது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒருத்தி பத்து நிமிடம் பிந்தினால், பக்கத்தில் நிற்பவள் தலைத்துணியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு "வந்திட்டேங்க" என்பாள். சூப்பர்வைசருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியும். தலையைத் தூக்காமல் எழுதிக்கொள்வார். சிலோன் தோட்டங்களிலும் இப்படித்தான் என்று அம்மா சொல்லுவாள். எங்கள் ஆட்கள் ஒருத்தரை ஒருத்தர் விட்டுக்கொடுக்கமாட்டார்கள் என்று நான் பல பேரிடம் பெருமையடித்திருக்கிறேன். இப்போது அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். சிலோனிலிருந்து கப்பலில் அம்மா மடியில் உட்கார்ந்து வந்தபோது அவளுக்கு நான்கு வயது. நான் இங்கே, கீழ் கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட் லயத்தில், வரிசை வீடு ஒன்றில் பிறந்தவள். எனக்கு ஏழு வயதிருக்கும்போது அம்மா போய்விட்டாள். அதற்கப்புறம் எனக்குத் தலை சீவிவிட்டதும் முதுகில் இரண்டு வைத்ததும் அக்காதான். அவள் மலையில் தேயிலைக் கொழுந்தெடுத்தாள், அவள் மகள் திருப்பூரில் இருந்தாள். எனக்குப் பிள்ளைக் காம்பராவில் வேலை. தாய்மார்கள் மலையிலிருந்து இறங்கும்வரை அவர்களுடைய குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கைக்குழந்தைகளோடு இருப்பவள் வெற்றிலை போடக் கூடாது என்பது அங்கே சட்டம். அதனால் என் பல் வெள்ளை, ஈறு சிவப்பு. பார்ப்பவர்கள் மெச்சுவார்கள். அந்த வெள்ளைப் பல்தான் எங்களுக்கு வினையாகப் போனது.

அக்காவின் வாய் வேறு ரகம். பேச ஆரம்பித்தால் அடுத்த மலைக்குக் கேட்கும். புதிதாக வந்த மேனேஜர் கிலோ குறைகிறது என்று சத்தம் போட்டபோது, "தொரை, அந்தக் கம்பளிச் சட்டையக் கழட்டிப்புட்டு ஒரு மணி நேரம் எங்களோட மழையில நில்லுங்க. அப்புறமா கிலோவப் பத்திப் பேசுவோம்" என்றவள் அவள். எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், மேனேஜரும் கடைசியில் சிரித்துவிட்டார். பேசாத நேரத்தில் இடது கடைவாயில் வெற்றிலையும் புகையிலையும் ஒரு உருண்டையாக அடங்கியிருக்கும். மலையில் முக்கால்வாசிப் பெண்களுக்கு அப்படித்தான். இரண்டு கையும் செடியில் இருக்கிறது, மேலே தூறல், காலில் அட்டை, டீக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. அந்த உருண்டை இருந்தால் பசி தெரியாது, உடம்பில் கொஞ்சம் சூடும் இருக்கும். "இந்த சிலோன்காரங்க வெத்தலை போட்டே அழியறாங்க" என்று கடைத்தெருவில் பேசுபவர்களை ஒரே ஒரு நாள் அந்தத் தேயிலைச் செடி நிரையில் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் சித்திரையில் எஸ்டேட்டுக்கு வாய்ப் பரிசோதனை முகாம் வந்தது. கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து பல் டாக்டருக்குப் படிக்கும் பெண்கள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். முகாம் இரண்டு நாள். முதல் நாள் ஃபேக்டரி ஆட்களும் பிள்ளைக் காம்பரா ஆட்களும். மறுநாள் மலையில் வேலை செய்பவர்கள். வந்து வாயைக் காட்டுபவர்களுக்கு அரை நாள் வேலை செய்ததாகப் பேர் விழும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் சித்திரை மழைக்குக் கொழுந்து கொட்டிக்கொண்டிருந்த நேரம் அது. கியூவில் நிற்கும் நேரத்தை மலையில் நின்றால் கூடுதல் கிலோ எடுக்கலாம். இரண்டும் வேண்டும் என்றால் எங்களுக்குத் தெரிந்த பழைய வழிதான் இருந்தது.

இரண்டாம் நாள் காலையில் குழாயடியில் அக்கா என்னைப் பிடித்தாள். "நீ போயி எனக்காக வாயக் காட்டிட்டு வந்திருடி."

"நேத்தே காட்டிட்டேனே."

"அது ஒன் வாயி. இன்னிக்கி என் வாயி."

"வெளையாடாதக்கா. ஆளு தெரியாமப் போயிருமா?"

"அந்தப் பிள்ளைங்களுக்கு நம்ம எல்லாருக்கும் ஒரே மூஞ்சிதான். தலையில துணியக் கட்டு, என் சட்டையப் போடு, போ. எனக்கு அங்க நிரை கெடக்கு."

நான் போனேன். "அக்கா சொன்னாள், நான் செய்தேன்" என்று இதை முடித்துவிட்டால் எனக்குச் சௌகரியம். அது முழு உண்மையில்லை. ஒரு மாதமாகவே அவள் குழம்பில் போட்ட உருளைக்கிழங்கைத் தண்ணீரில் அலசிவிட்டுத் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காரம் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். இடது பக்கம் அடக்குவதை வலது பக்கத்துக்கு மாற்றியிருந்தாள். கேட்டதற்கு, "சுண்ணாம்பு சுட்டுப்புடுச்சி" என்றாள். சுண்ணாம்பு சுட்டால் நான்கு நாளில் ஆறும். எனக்குத் தெரியும். தெரிந்துதான் அவள் சட்டையை மாட்டிக்கொண்டு போனேன்.

முகாமில் என் வாயைப் பார்த்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். டார்ச் அடித்து, கண்ணாடியை விட்டுக் கன்னத்தை ஒதுக்கிப் பார்த்தாள். நாக்கைத் தூக்கச் சொன்னாள். "ஏனுங்கம்மா, வாய் இவ்வளவு சுத்தமா இருக்குதே. வெத்தலை போடற பழக்கமே இல்லைங்களா?"

"எப்பவாச்சும் ஒண்ணுங்க."

"அதையும் விட்டுருங்க. ரொம்ப நல்லா இருக்குதுங்க" என்று சொல்லி, அக்காவின் பேர் போட்ட அட்டையில் 'இயல்பு' என்று எழுதிக் கொடுத்தாள். சூப்பர்வைசர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். நேற்றும் என்னைப் பார்த்தவர். வழக்கம்போல் தலையைத் தூக்கவில்லை. வெளியே வந்தபோது, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, எனக்குப் பரீட்சையில் பாஸானது போல ஒரு சந்தோஷம்.

அக்கா அந்த அட்டையை ரேஷன் கார்டு வைக்கும் கவரிலேயே வைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் நடந்ததுதான் கூத்து. நான் ஆஸ்பத்திரி என்று வாயெடுத்தால், "அட்டையப் பாருடி, ஒண்ணுமில்லேனு எழுதியிருக்கில்ல?" என்பாள். முதலில் கிண்டலுக்குத்தான் சொன்னாள். போகப்போக முகத்தில் கிண்டல் இல்லை. யாருடைய வாயைப் பார்த்து எழுதிய அட்டை என்பதை அவள் மறந்தே போனாள் என்று நினைக்கிறேன். இல்லை, மறக்க ஆசைப்பட்டாள். எனக்கு மறக்கவில்லை. பிள்ளைகளைத் தொட்டிலில் போட்டு ஆட்டும்போதும் கஞ்சி காய்ச்சும்போதும் 'இயல்பு' என்ற அந்த ஒரு சொல் கண்முன் நின்றது. ஒரு வேலையில் மனம் நிற்கவில்லை. கஞ்சியை இரண்டு முறை அடிப்பிடிக்க விட்டேன்.

ஆவணி, புரட்டாசி என்று மாதங்கள் போயின. அவளால் இரண்டு விரல் அகலத்துக்குமேல் வாயைத் திறக்க முடியவில்லை. சோற்றைக் கரைத்துக் குடித்தாள். சட்டை தொளதொளவென்று ஆனது. "பல்லுக் கோளாறு. இந்தக் கொழுந்து ஓயட்டும், போவோம்" என்றாள். கொழுந்து ஓய்ந்தது. பனி விழ ஆரம்பித்தது. "பனியில எப்பிடிடி கெளம்புறது?" என்றாள்.

மார்கழியில் ஒரு நாள் குழந்தையை எடுக்க வந்த ஒருத்தி, "ஒங்க அக்காவுக்கு என்னாச்சு? மலையில சத்தமே காணோம்" என்று கேட்டாள். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. மெலிந்ததைப் பார்த்தேன், சோற்றைக் கரைத்ததைப் பார்த்தேன், அதற்கெல்லாம் பயப்படாத நான் இதற்குப் பயந்தேன். மறுநாள் அவள் திட்டத் திட்டக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா டார்ச்சை அணைத்துவிட்டு, "உங்க ஆளுங்க எல்லாருமே இப்படித்தான். முத்துன பொறகுதான் வருவீங்க" என்றார். உங்க ஆளுங்க! எங்கள் ஊர் பஸ் ஒரு நாளைக்கு எத்தனை முறை வருகிறது என்று அந்த அம்மாவுக்குத் தெரியுமா? கோத்தகிரியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவரின் மனைவிக்கும் இதே போல வாயில் வெள்ளையாக ஒரு படை வந்தது. வந்த வாரமே காரில் கோயம்புத்தூர் போனார்கள், சின்னதாக வெட்டி எடுத்தார்கள், இன்றைக்கு அந்த அம்மா கல்லாவில் உட்கார்ந்து முறுக்கு கடிக்கிறார். அவர்களுக்கு 'உங்க ஆளுங்க' கிடையாது. வாய்வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டேன், ஏனென்றால் அந்த அம்மா சொன்னதில் என் பங்கும் இருந்தது.

கோயம்புத்தூருக்கு அனுப்பினார்கள். மலையிறக்கத்தில் ஒவ்வொரு வளைவிலும் அக்கா குமட்டினாள். வாய் திறக்காமல் வாந்தி எடுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்க வேண்டாம்.

அங்கே பார்த்தது ஒரு பெண் டாக்டர். தலை பாதி நரைத்தவர், பேச்சில் அவசரம் இல்லாதவர். அவர் கையுறையை மாட்டுவதற்கு முன்பே அக்கா கவரிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினாள். "இங்க பாருங்கம்மா, சித்திரையில பாத்தாங்க. ஒண்ணும் இல்லேனு எழுதிக் குடுத்தாங்க."

டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அக்காவின் வாயை முடிந்த மட்டும் திறக்கவைத்துப் பார்த்தார். "எட்டு மாசத்துக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லைங்களா? அப்படின்னா இது ரொம்ப வேகமா வளர்ற ரகம். அதுக்கு நாம வேற மாதிரி யோசிக்கணும்" என்றார்.

மேஜைக்கு அடியில் அக்கா என் காலை மிதித்தாள். நன்றாக, குதிகாலால் மிதித்தாள். நான் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சதையில் கொஞ்சம் கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள், அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். வெளியே வந்ததும் அக்கா, "சொல்லித் தொலைச்சிராத. அரை நாள் பேருக்குப் பொய் சொன்னோம்னு தெரிஞ்சா அந்த சூப்பர்வைசருக்கு வேலை போயிரும். லயமே காறித் துப்பும்" என்றாள். உயிர் தொண்டையில் நிற்கும்போது சூப்பர்வைசர் வேலையைப் பற்றிக் கவலைப்படுகிறாள் மகராசி!

அந்த ஒரு வாரம் நான் நானாக இல்லை. பெருக்கிய இடத்தையே பெருக்கினேன். எழுந்து கதவுவரை போவேன், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் திரும்புவேன். வேற மாதிரி யோசிக்கணும் என்றாரே, அது எந்த மாதிரி? என் வாயைப் பார்த்து இவளுக்கு மருந்து கொடுப்பார்களா? யாரிடம் கேட்பது? பிள்ளைகள் அழுதால் எனக்கும் அழுகை வந்தது. ஒரு குழந்தையின் தாய், "நீங்க லீவு போடுங்க" என்று குழந்தையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

மறுவாரம் ரிப்போர்ட் வந்தது. புற்றுதான். அக்காவை ரத்தம் எடுக்கும் அறைக்குக் கூட்டிப் போனார்கள். நான் டாக்டர் அறை வாசல்வரை போனேன், திரும்பினேன். மறுபடி போனேன், மறுபடி திரும்பினேன். நான்காவது தடவை டாக்டரே தலையை நீட்டி, "என்னங்க வேணும்?" என்றார்.

"அந்த அட்டை தப்புங்க" என்றேன்.

"எப்படித் தப்பு?"

"அது என் வாய்ங்க. அக்கா பேருல நான்தான் போய்க் காட்டினேன். அவளுக்கு அப்பவே புண்ணு இருந்துச்சு. காரம் திங்கமாட்டா. எனக்குத் தெரியுமுங்க." சொல்லிக்கொண்டே அழுதேன், கோபத்தில் அழுதேன், யார்மேல் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பேனாவை எடுத்துப் பழைய குறிப்பை அடித்தார். எத்தனை மாதமாகக் காரம் தின்னவில்லை, எப்போது பக்கம் மாற்றினாள் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். நான் தாங்கமாட்டாமல், "அன்னைக்கே அவளைக் காட்டியிருந்தா?" என்று கேட்டேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "பொய் சொல்லமாட்டேங்க. அப்ப சின்னதா இருந்திருக்கும். வெட்டி எடுத்துட்டு நாலு நாள்ல அனுப்பியிருப்போம். இப்ப எலும்பு வரைக்கும் போயிருச்சு." பிறகு, "உங்க எஸ்டேட்ல இது மாதிரி ஆள் மாத்திக் காட்டினவங்க இன்னும் இருக்காங்களா?" என்றார். எனக்குத் தெரிந்து நான்கு பேர் இருந்தார்கள். ஊருக்குப் போனதும் நான்கு பேர் கதவையும் தட்டினேன். மூன்று பேர் ஏசினார்கள், ஆனாலும் எல்லோரும் போனார்கள். ஒருத்திக்குக் கன்னத்தில் வெள்ளைப் படை. சின்னதாக வெட்டினார்கள். இப்போது அவள் மலையில் நிற்கிறாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாகவும் இருக்கும், வயிறும் எரியும். இரண்டையும் மறைக்கத் தெரியவில்லை.

நான் சொல்லிவிட்டது தெரிந்ததும் அக்கா ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. ஆபரேஷன் அன்று காலையில் பச்சை கவுன் மாட்டி ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்தபோதுதான் என்னைக் கூப்பிட்டாள். "நானும் கழுதை, நீயும் கழுதை. அனுப்புனவ நானு, போனவ நீயி. விடு, அழுவாத." கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு போனதும் நிறுத்தச் சொன்னாள். "டாக்டரம்மாகிட்ட நீ பேசுன லச்சணத்தக் கேட்டேன். நான் பேசியிருந்தா இன்னும் நல்லாப் பேசியிருப்பேன்டி." தள்ளிக்கொண்டு போனவரும் சிரித்தார்.

அவள் தெளிவாகப் பேசிக் கேட்டது அதுதான் கடைசி. இடது பக்கத் தாடையும் நாக்கில் ஒரு பகுதியும் போயின. தொடையிலிருந்து சதை எடுத்துக் கன்னத்தில் வைத்துத் தைத்தார்கள். பிறகு கரண்ட் வைத்தார்கள், கதிர் சிகிச்சையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். உயிர் இருக்கிறது, நடக்கிறாள், கரைத்த கஞ்சி குடிக்கிறாள். பேசுகிறாள் என்றும் சொல்லலாம். ஆனால் அது என்ன பேச்சு என்று என்னைத் தவிர யாருக்கும் புரியாது. திருப்பூரிலிருந்து போனில் கூப்பிடும் அவள் மகளுக்கே புரியாது.

அதனால் எல்லா இடத்திலும் நான் பேசினேன். கடையில், பஸ்ஸில், ரேஷனில், ஆஸ்பத்திரியில். முதலில் அவள் சொன்னதைக் கேட்டுச் சொன்னேன். பிறகு பாதியிலேயே பிடித்துக்கொண்டேன். பிறகு அவள் தொடங்குவதற்கு முன்பே சொல்ல ஆரம்பித்தேன். அவள் மனதில் இருப்பது எனக்குத் தெரியும் என்ற நினைப்பு. சில சமயம் அவள் முறைப்பாள். உடம்பு முடியாதவள், முறைத்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவேன்.

போன மாதம் பரிசோதனைக்குக் கோயம்புத்தூர் போயிருந்தோம். அன்றைக்குக் கூட்டம் நெரிந்தது. மூன்று மணிக்குள் கிளம்பாவிட்டால் மேட்டுப்பாளையத்தில் பஸ்ஸைத் தவறவிடுவோம், அதைத் தவறவிட்டால் எங்கள் சரிவுக்குப் போகும் கடைசி பஸ் கிடைக்காது. எனக்கு உட்கார முடியவில்லை. கடிகாரத்தைப் பார்ப்பதும் டோக்கனைப் பார்ப்பதுமாக இருந்தேன். ஒருவழியாகக் கூப்பிட்டார்கள். அதே டாக்டர். தையலைப் பார்த்தார், வாய்க்குள் பார்த்தார். "எல்லாம் ஆறியிருக்குதுங்க. வேற வலி, கட்டி, ஏதாவது தொந்தரவு இருக்குதுங்களா?"

"ஒண்ணும் இல்லைங்க மேடம். நல்லாக் குடிக்கறா, நல்லாத் தூங்கறா, ஒரு வலியும் இ..."

அக்காவின் கை வந்து என் வாயைப் பொத்தியது. மெதுவாக அல்ல. கொழுந்து கிள்ளிக் காய்த்த கை, என் பல் உதட்டில் பதியும் அளவுக்கு அழுத்தியது. மற்றக் கையால் டாக்டரின் விரலைப் பிடித்துத் தன் வலது காதுக்குக் கீழே கொண்டுபோய் வைத்தாள். "இங்... க" என்றாள். எச்சில் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. "வ... லி."

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். விரலை அங்கேயே உருட்டிப் பார்த்தார். பிறகு என் பக்கம் பார்க்காமல் அவள் முகத்தை மட்டும் பார்த்து, "எத்தனை நாளா இருக்குதுங்க?" என்று கேட்டார். அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். அக்காவுக்கு அந்த ஒரு பதிலைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது, நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"பத்... து... நா."

"பட்டாணி அளவுதான் இருக்குது. இவ்வளவு சின்னதுல காட்டினது ரொம்ப நல்லதுங்க. இன்னைக்கே ஸ்கேன் எடுத்துருவோம்" என்றார் டாக்டர்.

அந்தப் பத்து நாளும் அவளுக்குத் தலை துவட்டிவிட்டவள் நான். எனக்குத் தெரியவில்லை. தெரியாதுங்க மேடம், என்கிட்ட சொல்லலைங்க என்று சொல்லத் துடித்தேன். அக்கா என் வாயிலிருந்து கையை எடுக்கவில்லை.